கொன்ராட் ஒப்புக்கொள்ளாத ஆசான்

1893ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பிரான்சின் ரூவான் நகரத் துறைமுகத்தில் 'அடோவா' என்ற நீராவிக் கப்பல் பயணிகளுக்காகக் காத்துக் கிடந்தது. கனடாவில் குடியேறப் போகும் பிரெஞ்சுக்காரர்களை ஏற்றிச் செல்வதுதான் திட்டம். 400க்கும் மேற்பட்டோருக்குக் கப்பலுக்குள் படுக்கைகள் அடித்து முடித்தாகிவிட்டது. ஆட்கள்தான் வந்து சேரவில்லை. வேலையில்லாத கப்பலில் மூன்றாம் அதிகாரியான இளைஞர் பான்ஜோ வாசித்துப் பொழுதைப் போக்கினார். இரண்டாம் அதிகாரி தன் அறைக்குள் இருந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எந்த நேரமும் அப்படி என்னத்தை எழுதுகிறீர்கள் என்று இளைஞர் கேட்டபோது, பதில் சொல்லாமல் தாள்களைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

அந்த இரண்டாம் அதிகாரிக்கு அந்த மாதம்தான் 36 வயது நிறைவடைந்திருந்தது. பிறப்பால் போலந்துக்காரர், பிறந்த மண்ணை ஆண்டது ரஷ்யா, கையில் இருந்தது பிரித்தானியக் குடியுரிமை. யோசெஃப் தியோடர் கொன்ராட் கொர்செனியோவ்ஸ்கி என்பது அவருடைய பெயர். எழுதிக்கொண்டிருந்தது ஆங்கிலத்தில் ஒரு நாவல். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. 20 வயதுக்குப் பிறகே அதைப் பழகத் தொடங்கியிருந்தார். நாவலைத் தொடங்கி நான்கு வருடங்கள் கடந்தும் பத்தாவது அத்தியாயத்துக்குத்தான் வந்திருந்தார்.

பின்னாளில் ஜோசப் கொன்ராட் என்று உலகம் அறிந்த இந்த மனிதர், 'எ பர்சனல் ரெக்கோர்ட்' என்ற நினைவு நூலில் அந்தக் குளிர்காலத்தை விவரிக்கிறார். அறையின் வட்டச் சாளரத்தால் பார்த்தால் உறைந்துபோன துறைமுகத் தரையும், ஒரு வண்டிக்காரனும், திரைச்சீலை போட்ட சிறிய கபே ஒன்றும் தெரிந்தனவாம். அந்தக் கபே வேறு எதுவுமல்ல, இசை நாடகம் பார்த்துவிட்டு வந்த பொவாரி தம்பதியர் இளைப்பாறிய இடமேதான் என்று அவர் சொல்கிறார். இல்லாத மனிதர்கள் இளைப்பாறிய கபே அது. குஸ்தாவ் பிளோபேரின் 'மதாம் பொவாரி' நாவலில் வரும் காட்சி. பிளோபேர் பிறந்தது அதே ரூவான் நகரில். கொன்ராட்டின் கப்பல் அங்கு நின்றபோது அவர் இறந்து 13 வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவருடைய நிழல் அந்தக் கப்பலின் மேல் அசைந்ததாகக் கொன்ராட் உணர்ந்திருக்கிறார், அல்லது உணர்ந்ததாகப் பின்னாளில் எழுத விரும்பியிருக்கிறார்.

ஒரு நாவலைக் கூர்ந்து படிப்பதன் மூலம் இன்னொருவர் நாவல் எழுதப் பழகிக்கொள்ள முடியுமா? கொன்ராட்டின் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்குச் சுவையான ஒரு சிக்கல் இருக்கிறது. அவரே இரண்டு பதில்களை விட்டுச் சென்றிருக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

முதலில் அவர் எப்படிப்பட்ட வாசகர் என்பதைப் பார்க்க வேண்டும். 1857 டிசம்பர் 3ஆம் திகதி, இன்று உக்ரைனில் இருக்கும் பெர்டிச்சிவ் நகரில் பிறந்தார். தந்தை அப்பல்லோ கவிஞர், மொழிபெயர்ப்பாளர், ரஷ்ய ஆட்சிக்கு எதிராக இயங்கியவர். 1861இல் வோர்சோவில் கைதானார். அடுத்த வருடம் மனைவியோடும் நான்கு வயது மகனோடும் வடக்கே வொலொக்டாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அந்தக் குளிரில் தாயாரின் உடல்நிலை மோசமடைந்தது. 1865இல் காசநோயால் இறந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் இருந்தது நோயாளியான தகப்பனும், பள்ளிக்கூடம் போகாத பையனும், புத்தகங்களும் மட்டுமே.

வயிற்றுப்பாட்டுக்காக அப்பல்லோ ஷேக்ஸ்பியரையும் விக்டர் ஹியூகோவையும் போலிஷ் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் தந்தையின் நாற்காலியில் முழந்தாளிட்டு மேசையில் கிடந்த மொழிபெயர்ப்புத் தாள்களைப் படித்துக்கொண்டிருந்த பையன் கையும் களவுமாகப் பிடிபட்டான். ஏச்சு விழும் என்று பயந்தான். தந்தை அதில் ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கச் சொன்னார். கடலைப் பற்றிய ஹியூகோவின் நாவலையும் அப்படித்தான் தந்தைக்கு வாசித்துக் காட்டினான். மொழிபெயர்ப்பாளரின் வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒரு விடயம் சீக்கிரமே விளங்கிவிடும். புத்தகம் என்பது வானத்திலிருந்து விழுந்த முழுமையான பொருள் அல்ல. பிரித்துப் போட்டு, வேறு மரத்தால் மறுபடி பூட்டக்கூடிய ஒன்று.

அப்பல்லோ 1869இல் கிராக்கோவில் இறந்தார். பெருந்திரளாகக் கூடிய இறுதி ஊர்வலத்தின் முன்னால் 11 வயது மகன் நடந்து போனான். அதன் பிறகு தாய்மாமன் ததேயுஸ் பொப்ரொவ்ஸ்கிதான் எல்லாம். 16 வயதில் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறினான். பிரெஞ்சு ஏற்கெனவே சரளம். நான்கு வருடங்கள் கடலும் கடனும் கூத்துமாகக் கழிந்தன. 1878இல் தன் நெஞ்சில் தானே சுட்டுக்கொண்டு, உயிர் தப்பி, அதே வருடம் ஒரு பிரித்தானியக் கப்பலில் ஏறி இங்கிலாந்தின் லோவஸ்டொஃப்ட்டில் இறங்கியபோது ஆங்கிலத்தில் சில சொற்களுக்கு மேல் தெரியாது. கரையோரச் சரக்குக் கப்பல் ஒன்றில், வடகடல் மாலுமிகளின் பேச்சிலிருந்து மொழியைப் பழகினார். சில வருடங்களுக்குப் பின், 'பலஸ்தீன்' என்ற பழைய கப்பல் ஃபால்மத் துறைமுகத்தில் பழுதுபார்க்கப்பட்டபோது, ஐந்து ஷில்லிங் கொடுத்து வாங்கிய ஒற்றைத் தொகுதி ஷேக்ஸ்பியரைச் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே படித்தார்.

அவருடைய கடல் வாழ்க்கையை முழுவதும் சொல்ல இங்கு இடமில்லை. ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லலாம். எமக்குப் பக்கத்தில் நடந்தது. 1884 ஏப்ரலில் 'ரிவர்ஸ்டேல்' என்ற கப்பலில் இரண்டாம் அதிகாரியாகச் சென்னைக்கு வந்த கொன்ராட், கப்டனோடு முரண்பட்டு அங்கேயே வேலையிழந்தார். அவருடைய சான்றிதழில் நன்னடத்தைக்கான குறிப்பை எழுதக் கப்டன் மறுத்துவிட்டார். ரயிலில் பம்பாய்க்குப் போய் அங்கு 'நார்சிஸஸ்' என்ற பாய்க்கப்பலில் இடம் தேடிக்கொண்டார். சென்னையில் அந்தத் தகராறு நடக்காமல் போயிருந்தால், 1897இல் அந்தக் கப்பலின் பெயரோடு வெளிவந்த நாவலும் இல்லாமல் போயிருக்கும்.

1886இல் பிரித்தானியக் குடியுரிமையும் கப்டன் தகுதிச் சான்றிதழும் கிடைத்தன. 1887இல் சிங்கப்பூரில் அரபு வணிகர் ஒருவருக்குச் சொந்தமான 'விடார்' கப்பலில் போர்னியோவின் ஆற்றோரங்களுக்குப் போய்வந்தபோது, ஒல்மெய்யர் என்ற டச்சு வம்சாவளி வியாபாரியைச் சந்தித்தார். பெரிய கனவும் சிறிய வியாபாரமும் கொண்ட மனிதர். 1889 இலையுதிர் காலத்தில், வேலையற்று லண்டனில் ஒரு வாடகை அறையில் இருந்தபோது, அந்த மனிதரை வைத்து ஒரு கதையைத் தொடங்கினார். அதுவே 'அல்மேயர்ஸ் ஃபொலி'. மடமை என்பதும், பயனில்லாமல் கட்டிவிட்ட ஆடம்பர வீடு என்பதும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் இரு பொருள்கள். வராத ஆங்கிலேயர்களுக்காக அல்மேயர் பாதியில் கட்டிவிட்ட வீட்டுக்கு டச்சு அதிகாரிகள் வைக்கும் கேலிப் பெயர் அது.

கையெழுத்துப் பிரதி அவரோடு உலகம் சுற்றியது. 1890இல் கொங்கோவுக்குப் போனது. அங்கே ஆற்றில் அவரோடு சேர்ந்து மூழ்கிப்போகாமல் தப்பியது. பின்பொரு பயணத்தில் பேர்லின் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் பையோடு மறந்துவிடப்பட்டு, ஒரு சுமைதூக்குபவரின் புண்ணியத்தால் திரும்பக் கிடைத்தது. 'டொரன்ஸ்' என்ற பயணிகள் பாய்க்கப்பலில் முதன்மை அதிகாரியாக இருந்த காலத்தில், கேம்பிரிட்ஜில் படித்த நோயாளி இளைஞர் ஒருவருக்கு அதைப் படிக்கக் கொடுத்தார். முடிக்கத் தகுந்ததா என்று கேட்டார். நிச்சயமாக என்ற ஒற்றைச் சொல்லோடு அந்த இளைஞர் திருப்பிக் கொடுத்தார். எழுதுகிறவர்களுக்குத் தெரியும், சில வேளைகளில் அவ்வளவே போதும்.

அதே 'டொரன்ஸ்' 1892 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் நின்றபோதுதான் முதலாவது சாட்சியம் எழுதப்பட்டது. மார்கரித் பொரதொவ்ஸ்கா என்ற பெண்மணிக்கு கொன்ராட் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினார். உறவு முறையில் தூரத்துச் சொந்தம். அவர் அத்தை என்றே அழைப்பார். பிரெஞ்சில் நாவல் எழுதிக்கொண்டிருந்தவர். அந்தக் கடிதத்தில், 'மதாம் பொவாரி'யை மரியாதை நிறைந்த வியப்போடு அண்மையில் மறுபடியும் படித்து முடித்ததாகச் சொல்கிறார். அந்த நாவலின் மனிதர்களையோ சம்பவங்களையோ ஒரு கணமும் சந்தேகிக்க முடியாது, அதைவிட எங்கள் சொந்த இருப்பைச் சந்தேகிப்பது இலகு என்ற கருத்துப்பட எழுதுகிறார்.

மறுபடியும் என்ற சொல்தான் முக்கியம். 1892க்கு முன்பே அவர் அதைப் படித்திருக்கிறார். அப்போது அவருடைய சொந்த நாவல் பாதியில் நின்றது. பாதியில் நிற்கும் நாவலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இன்னொருவரின் நாவலை இரண்டாம் தடவை எடுப்பவர் கதை தெரிந்துகொள்ளப் படிப்பதில்லை. எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கவே படிக்கிறார்.

'மதாம் பொவாரி' 1856இல் ஒரு சஞ்சிகையில் தொடராக வந்து, ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போடப்பட்டு, விடுவிக்கப்பட்டு, கொன்ராட் பிறந்த 1857ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தது. எழுத ஏறக்குறைய ஐந்து வருடங்கள் எடுத்தது. கதை சாதாரணமானது. கிராமத்து வைத்தியர் ஒருவரின் மனைவி எம்மா, தான் படித்த காதல் கதைகளைப் போல வாழ்க்கை இருக்கும் என்று நம்பி, இரு காதலர்களிடம் ஏமாந்து, கடனில் மூழ்கி, நஞ்சு தின்று சாகிறாள். எம்மாவும் ஒரு வாசகிதான், அதுவும் மடத்துப் பள்ளியில் ஒளித்துப் படித்த தீவிர வாசகி. புத்தகம் சொன்னதை மட்டும் படித்தாள்; அது எப்படிச் சொல்லப்பட்டது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. எழுத்தாளர்களுக்குப் பாடப்புத்தகமாகிப் போன நாவல், பிழையாகப் படித்த ஒருத்தியின் கதையாக இருப்பது வேடிக்கைதான்.

இரு நாவல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பிளோபேரின் நாவலில் இரவு நேரக் காட்சி ஒன்று வருகிறது. கணவன் சார்ல்ஸ் வீட்டுக்கு வருகிறான். தொட்டிலில் மகள். அவள் வளர்ந்து தாயைப் போல அழகியாக வருவாள், நல்ல இடத்தில் கலியாணம் நடக்கும் என்று அவன் மனதில் ஒரு படம் ஓடுகிறது. பக்கத்தில் எம்மா தூங்குவது போலக் கிடக்கிறாள். அவள் மனதில் வேறு படம். காதலனோடு குதிரை வண்டியில் தூர தேசம் போகிறாள். பளிங்கு நகரங்கள், எலுமிச்சைக் காடுகள், நீலக் கடல். இரண்டு கனவுகளும் அகலமாக விரிகின்றன. அப்போது குழந்தை இருமுகிறது, அல்லது சார்ல்ஸின் குறட்டை உரத்துக் கேட்கிறது. அவ்வளவுதான். இந்த இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பிளோபேர் ஒரு வரி கூடச் சொல்வதில்லை. இருமலும் குறட்டையும் சொல்லிவிடுகின்றன.

'அல்மேயர்ஸ் ஃபொலி'யின் முதல் காட்சிக்கு வருவோம். மாலை நேரம். போர்னியோவின் ஆற்றங்கரையில், சிதைந்து வரும் புது வீட்டின் விறாந்தையில் அல்மேயர் நிற்கிறார். அந்தி வெளிச்சத்தில் ஆற்று நீர் தங்கமாக மினுங்குகிறது. அந்தத் தங்கத்தைப் பார்க்கப் பார்க்க, தான் தேடும் செல்வமும், மகள் நீனாவோடு ஐரோப்பாவுக்குப் போய் வாழப்போகும் பெரிய வீடும் மனதில் விரிகின்றன. ஆனால் கதை அந்தக் கனவிலிருந்து தொடங்குவதில்லை. சாப்பிட வரச் சொல்லி மனைவி மலாய் மொழியில் போடும் கூச்சலில் தொடங்குகிறது. அந்தக் கூச்சலைக் காதில் வாங்காமல்தான் அவர் கனவு காண்கிறார்.

மகளைப் பற்றிய தகப்பனின் கனவு, அதைக் கலைக்கும் வீட்டுச் சத்தம். பிளோபேர் காட்சியின் முடிவில் வைத்ததை கொன்ராட் தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் வாக்கியத்தையோ கதையையோ எடுக்கவில்லை. காட்சியைப் பூட்டும் முறையை எடுத்திருக்கிறார். மனிதர் தன்னைப் பற்றி நினைப்பதையும் அவரைச் சுற்றி உண்மையில் நடப்பதையும் ஒரே மூச்சில் காட்டுவது, நடுவில் எழுத்தாளர் வந்து விளக்காமல் இருப்பது. பார்த்தால் சிறிய தந்திரம். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விளக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் கையின் செயலைக் காட்டுவது இன்னொன்று. கலியாணம் கசந்துபோன எம்மா, வீடு மாறும் நாளில் தன் மணப்பெண் பூச்செண்டைத் தீயில் எறிகிறாள். காகிதப் பழங்கள் வெடிக்கின்றன, கம்பிகள் முறுகுகின்றன, கருகிய துண்டுகள் கறுத்த வண்ணத்துப்பூச்சிகளாகப் புகைபோக்கியால் மேலே போகின்றன. அழுதாளா என்று தெரியாது. கொன்ராட்டின் நாவலில் நீனா, தகப்பனின் ஐரோப்பியக் கனவைத் தள்ளிவிட்டு, தான் விரும்பிய டெயினோடு கடலேறிப் போகிறாள். கரையில் விடப்பட்ட அல்மேயர் முழந்தாளில் ஊர்ந்து, மகளின் காலடித் தடங்களை ஒவ்வொன்றாக மணலால் மூடுகிறார். சின்னச் சின்னப் புதைகுழிகள் போல அந்த மேடுகள் தண்ணீர் வரை நீள்கின்றன. முதல் நாவல் எழுதுகிற ஒருவரின் கையில் இப்படிக் காட்சி தானாக வந்து விழுவதில்லை.

இதையும் சொல்ல வேண்டும்: பிளோபேரின் வறண்ட கட்டுப்பாடு கொன்ராட்டுக்கு அப்போது கைவரவில்லை. காடு வந்துவிட்டால் அடைமொழிகள் கொடியாகப் படர்கின்றன. 1896இல் வெளிவந்த இரண்டாவது நாவலை விமர்சித்த எச்.ஜி. வெல்ஸ், திறமையைப் பாராட்டிவிட்டு, சொல் பெருக்கத்தைக் கடுமையாகச் சாடினார். அதில் நியாயம் இருந்தது.

முதல் நாவலை 1894 ஏப்ரலில் முடித்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் தாய்மாமன் இறந்திருந்தார். லண்டன் பதிப்பாளர் ஃபிஷர் அன்வின் 20 பவுண் கொடுத்து வாங்கி 1895இல் வெளியிட்டார். அந்த நிறுவனத்துக்காகக் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துவந்த எட்வர்ட் கார்னெட்டே பின்னர் கொன்ராட்டின் நெருங்கிய ஆலோசகரானார். 'அடோவா'வுக்குப் பிறகு கொன்ராட் எந்தக் கப்பலிலும் வேலை செய்யவில்லை.

எழுத்து சோறு போடவில்லை. 1898இல் கார்னெட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தினமும் எட்டு மணிநேரம் மேசையில் குந்துவதாகவும், அந்த எட்டு மணிநேரத்தில் மூன்று வாக்கியங்கள் எழுதி, எழும்ப முன் அவற்றையும் அழித்துவிடுவதாகவும் புலம்பினார். அந்த வருடமே ஃபோர்ட் மடொக்ஸ் ஃபோர்ட் என்ற இளம் எழுத்தாளரோடு கூட்டு முயற்சி தொடங்கியது. ஃபோர்ட் பிற்பாடு சொன்னபடி, கென்ட் நாட்டுப்புறத்தில் குதிரை வண்டியில் போகும்போது இருவரும் பிளோபேரையும் மாப்பசானையும் மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். எதிரே தெரியும் வயலை எந்தச் சொற்களால் காட்டுவது என்று தர்க்கிப்பார்கள். 'அல்மேயர்ஸ் ஃபொலி'யே ரூவான் துறைமுகத்தில், 'மதாம் பொவாரி' பிரதியின் ஓரங்களிலும் வெற்றுப் பக்கங்களிலும்தான் தொடங்கப்பட்டது என்றும் ஃபோர்ட் எழுதினார். அழகான கதை. ஆனால் நாவல் தொடங்கியது 1889இல், லண்டனில். ஃபோர்ட்டின் நினைவுநூல் வெளிவந்தபோது கொன்ராட்டின் மனைவி ஜெசி பகிரங்கமாகவே மறுத்து எழுதினார். ஃபோர்ட் சொல்வதில் தூசு தட்டித்தான் எதையும் எடுக்க வேண்டும்.

ஃபோர்ட்டின் சாட்சியம் இல்லாமலே தடயங்கள் கிடைத்தன. 'நார்சிஸஸ்' நாவலில் மாலுமி சாகும் காட்சிக்கும் மாப்பசானின் 'பெல்-அமி'யில் வரும் மரணக் காட்சிக்கும் உள்ள நெருக்கத்தை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அதே நாவலின் புகழ்பெற்ற முன்னுரையில், எழுத்தாளரின் வேலை சொல்லின் வலிமையால் வாசகருக்குக் கண் கொடுப்பதே என்று கொன்ராட் வாதிடுகிறார். அதிலும் மாப்பசானின் 'பியேர் எ ஜான்' முன்னுரையின் எதிரொலி கேட்கிறது. 1990இல் இவ் எர்வூவே என்ற ஆய்வாளர், கொன்ராட்டின் பிரெஞ்சுக் கடன்களுக்காகவே ஒரு முழு நூல் எழுதினார். சில இடங்களில் கடன் என்பது மென்மையான சொல். பிரெஞ்சு வாக்கியங்கள் ஏறக்குறைய அப்படியே ஆங்கிலமாகி உட்கார்ந்திருக்கின்றன. நினைவில் ஊறியதா, தெரிந்தே செய்ததா என்ற விவாதம் முடியவில்லை.

1900இல் வந்த 'லோர்ட் ஜிம்' காலத்தில் பயிற்சி தெரியாத அளவுக்குக் கை தேறிவிட்டது. யாத்திரிகர்களோடு கப்பலைக் கைவிட்டுத் தப்பிய அதிகாரி ஜிம் விசாரணையில் நிற்கிறான். அதிகாரிகள் மணி, திசை, தூரம் என்று தகவல்களாகக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். வெளியே வரும்போது யாரோ ஒருவர் காலடியில் திரிந்த மஞ்சள் நாயைப் பார்த்துச் சொன்ன சொல்லைத் தன்னைத்தான் சொன்னார்கள் என்று ஜிம் திரும்பிப் பாய்கிறான். 'மதாம் பொவாரி'யின் விவசாயக் கண்காட்சி இங்கே நினைவுக்கு வருகிறது. மேல்மாடியில் காதலன் எம்மாவின் கையைப் பிடித்து இனிக்க இனிக்கப் பேசுகிறான். கீழே எருவுக்குப் பரிசு அறிவிக்கிறார்கள். 54 வருடம் ஒரே பண்ணையில் உழைத்த கிழவிக்கு 25 பிராங்க் பெறுமதியான பதக்கம் கொடுக்கிறார்கள். சம்பந்தமில்லாத ஒன்று உள்ளே நுழைந்து காட்சியின் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தத் தொடர்பு என்னுடைய வாசிப்பு. கொன்ராட் எங்கும் இப்படிச் சொல்லவில்லை.

கூர்ந்து பார்க்கப் பழகிய கண்ணுக்கும் தெரியாத இடங்கள் உண்டு. 1899இல் வெளியான 'ஹார்ட் ஒஃப் டார்க்னஸ்' கொங்கோவில் பெல்ஜிய மன்னரின் கொள்ளையைக் காட்டியது. ஆனால் அதில் ஆபிரிக்கர்கள் பெரும்பாலும் பேச்சில்லாத நிழல்கள். 1975இல் சினுவா அச்செபே ஓர் உரையில் இதை இனவாதம் என்றே வெளிப்படையாகச் சொன்னார். பிளோபேர் தான் வெறுத்த மருந்துக்கடைக்காரனுக்குக் கூடப் பக்கம் பக்கமாகப் பேச்சுக் கொடுத்தார். 'அல்மேயர்ஸ் ஃபொலி'யில் நீனாவுக்கும் அவளுடைய தாயாருக்கும் சொந்தக் குரல் இருந்தது. கொங்கோவில் கொன்ராட் அதைக் கொடுக்கவில்லை. அச்செபேயின் வாதத்தை மறுத்து எழுதியவர்கள் பலர். இந்த இடத்தில் அவர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது.

இனி இரண்டாவது சாட்சியம். ஹியூ வல்போல் என்ற இளம் நாவலாசிரியர் 1916இல் கொன்ராட்டைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, பிளோபேரின் தாக்கத்தைக் குறிப்பிட்டார். 1918 ஜூனில் கொன்ராட் அவருக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். 'மதாம் பொவாரி'யைத் தான் படித்ததே 'அல்மேயர்ஸ் ஃபொலி'யை முடித்த பிறகுதான் என்றார். தன்னைக் கவர்ந்தது பிளோபேரின் வேறு நூல்கள், அதுவும் பொருட்களையும் காட்சிகளையும் கண்முன் நிறுத்தும் விதத்தில் மட்டும் என்றார். பால்சாக்கிடமிருந்து எதையாவது கற்கலாம், பிளோபேரிடம் என்ன கற்க முடியும், அவர் செய்தது தன் கண்களைத் திறந்து போட்டி மனப்பான்மையைத் தூண்டியதுதான், வியக்க வைப்பதே ஒரு கலைஞர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி என்ற கருத்தில் முடித்தார்.

1892ஆம் ஆண்டுக் கடிதம் இருக்கும்போது இதை நம்ப முடியாது. 60 வயது மனிதரின் மறதி என்று விட்டுவிடலாம். தன் நினைவு நூலில் எம்மாவின் தகப்பனின் பெயரையே ரூவோ என்பதற்குப் பதிலாக ரெனோ என்று எழுதியவர் அவர். ஆனால் மறதி மட்டும்தானா? அந்த வருடங்களில் கொன்ராட்டைச் சுற்றி ஒரே பேச்சு: பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறார், இரு மொழிகளுக்கும் நடுவே தயங்கி ஒன்றைத் தெரிவு செய்தார். 1919இல் நினைவு நூலின் புதிய பதிப்புக்கு எழுதிய குறிப்பில் இதை அவர் சூடாக மறுத்தார். ஆங்கிலத்தைத் தான் தெரிவு செய்யவில்லை, அந்த மொழியே தன்னைத் தத்தெடுத்தது என்றார். வல்போலுக்கு மறுப்பு அனுப்பியதற்கு அடுத்த வருடம் எழுதியது.

இன்னொரு பக்கமிருந்தும் அடி விழுந்திருந்தது. 1899இல் போலந்தின் முன்னணி எழுத்தாளர் எலிசா ஒர்செஷ்கோவா, பணத்துக்காக ஆங்கிலத்தில் எழுதித் தன் நாட்டைக் கைவிட்டவர் என்று கொன்ராட்டைத் தாக்கி எழுதினார். மூன்று வாக்கியத்தை எழுதி அழித்துக்கொண்டிருந்த மனிதருக்கு, எந்தப் பணம் என்று கேட்கத் தோன்றியிருக்கும். 1914இல் போலந்துக்குப் போனபோது உறவினர் ஒருவர் படிப்பதற்கு ஒர்செஷ்கோவாவின் நூலை நீட்ட, கொதித்துப்போய் மறுத்துவிட்டார் என்று குறிப்பு இருக்கிறது. போலந்து துரோகி என்றது, இங்கிலாந்து அந்நியர் என்றது. இந்த நிலையில், என் கலையைப் பிரான்சிடம் கற்றேன் என்று எழுத்தில் கொடுக்க அவர் தயாராக இருந்திருக்க மாட்டார். இது என் ஊகம். ஆனால் கடிதங்களின் திகதிகள் அந்தப் பக்கமே சாய்கின்றன.

1924இல் பிரித்தானிய அரசு வழங்க முன்வந்த சேர் பட்டத்தை கொன்ராட் ஏற்கவில்லை. அந்த வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி கென்ட்டிலுள்ள வீட்டில் மாரடைப்பால் இறந்தார். கன்டர்பரியில் இருக்கும் கல்லறைக் கல்லில் போலிஷ் பெயரும் ஆங்கிலப் பெயரும் கலந்து பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதில் தியோடர் என்பதில் எழுத்துப்பிழை.

அவருடைய நாவல்களையும் பிறர் அதே மாதிரிப் படித்தார்கள். உகண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் படித்த கென்ய மாணவர் ஒருவர் கொன்ராட்டைத் தனிப்பாடமாக எடுத்துக்கொண்டார். 1911இல் வந்த 'அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்' நாவலில், போராளியைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவனுடைய உறவினர்கள் நடுவே மௌனமாக வாழும் ரசுமோவ் என்ற மாணவன் வருகிறான். 1967இல் அந்தக் கென்யர் எழுதிய 'எ கிரெய்ன் ஒஃப் வீட்' நாவலில், போராளியைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஊரே வீரனாக மதிக்க மௌனமாக வாழும் முகோ வருகிறான். கூகி வா தியோங்கோ இந்தக் கடனை மறைக்கவில்லை. பத்து வருடங்களுக்குப் பின் சிறையில் அடைக்கப்பட்டபோது, மலசலகூடக் கடதாசியில் அடுத்த நாவலை எழுதினார். அதை அவர் ஆங்கிலத்தில் எழுதவில்லை. தன் தாய்மொழியான கிகூயூவில் எழுதினார்.